ஹொலிவூட்டின் கால்கள்

அந்தப் படத்தில் என் வலது கால் தரையில் இல்லை.

முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு மண்டபம். மேசைகளை ஓரமாகத் தள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டென்மார்க் கொடி குத்தியிருக்கிறார்கள். பின்னால் ஒருவர் அக்கோர்டியன் வாசிக்கிறார். நடுவில் பச்சைச் சட்டை அணிந்த ஒரு மூதாட்டி. அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. வாய் திறந்து சிரிக்கிறார். பக்கத்தில் நான், அறுபதை எட்டிக்கொண்டிருந்த முன்னாள் கணித ஆசிரியர், வெள்ளைச் சீருடையில், மரச்செருப்போடு, ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறேன். என் மூக்குக் கண்ணாடி மூக்கில் இல்லை. அது காற்றில் எங்கோ இருக்கிறது.

இந்தத் தொடரில் ஹேர்னிங் நகரத்தின் பின்னலாடைத் தொழிற்சாலையைப் பற்றியும் முதல் பனிக்காலத்தைப் பற்றியும் எழுதியபோது ஒரு வாசகி, "மாஸ்ரர், உங்கட கதையில நீங்கள் ஒருநாளும் பிழை விடுறதில்லையோ?" என்று கேட்டு எழுதியிருந்தார். விட்டேன், தங்கச்சி. இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன் நான் நிறையச் சிரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பிழைக்கு முந்திய மூன்று மாதங்களைப் போல என் வாழ்நாளில் நான் சிரித்ததில்லை.

இடது கால் பிந்துகிறது

தொழிற்சாலை மூடியபின் எனக்குக் கிடைத்த வேலை முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. காலையில் கட்டிலை விரிப்பது, கஞ்சி கொடுப்பது, உடம்பு கழுவிவிடுவது. முதுகு வலிக்கு நல்லது என்று சொல்லி, இங்கே பலரும் அணிகிற மரச்செருப்பு ஒன்றை நானும் வாங்கிப் போட்டிருந்தேன். மேலே தோல், அடியில் முழு மரம். நடைகூடத்தில் நடந்தால் கட்டடம் முழுக்கக் கேட்கும்.

பன்னிரண்டாம் அறையில் டோரிட் இருந்தார். எண்பத்தேழு வயது. சக ஊழியர் பியர்த்த முதல் நாளே என்னிடம் சொன்னார்: "நல்லவர். ஆனால் தான் ஹொலிவூட்டில் நடனமாடியதாகச் சொல்லுவார். ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்."

நானும் ஆமாம் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை கஞ்சியோடு உள்ளே போனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உன் இடது கால் பிந்துகிறது," என்றார்.

"என்ன?"

"நடைகூடம் முழுக்கக் கேட்கிறது. வலது சரி. இடது அரை மாத்திரை பிந்துகிறது. ஆனாலும் நீ சும்மா நடக்கவில்லை. எதையோ எண்ணிக்கொண்டு நடக்கிறாய்."

எனக்கு வியர்த்துவிட்டது. சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீட்டில் மிருதங்கம் பழக்கினார்கள். தகதிமி தகஜுணு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு நடப்பது எனக்கு அப்போதே ஒட்டிய பழக்கம். மனைவி பரிமளத்துக்குக்கூடத் தெரியாது.

அன்று அவருடைய கால்களைக் கழுவும்போது முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தேன். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. பெருவிரல் மூட்டு ஒரு தேசிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. குதிகால் தோல் பழைய சூட்கேசின் தோல். சாதாரணமாக வாழ்ந்த பெண்ணின் கால்கள் அல்ல அவை. ஆமாம் ஆமாம் என்று சொல்வதை அன்றோடு விட்டேன்.

முகம் இல்லாத நட்சத்திரம்

அவர் கதையைச் சொன்னது ஆங்கிலத்தில். அமெரிக்க ஆங்கிலம், அதுவும் பழைய காலத்தது. இல்லத்தில் அவரோடு அப்படி ஆங்கிலம் பேச வேறு ஆளில்லை. நான் படிப்பித்தவன் என்று அறிந்ததும் என்னைப் 'புரொஃபெஸர்' என்றே கூப்பிட்டார்.

விபோர்க் என்ற டேனிஷ் ஊரில் ரயில்வேக் காவலாளி ஒருவரின் மகள். பதினேழு வயதில் சித்தியோடு அமெரிக்கா போனார். ஒரு வருடத்தில் திரும்புவதாக இருந்தது. அதற்குள் யுத்தம் வந்து கடலை மூடிவிட்டது. தையல் கடையில் வேலை செய்துகொண்டே டாப் நடனம் பழகினார். சப்பாத்தின் அடியில் உலோகத் தகடு பூட்டி, தரையையே மேளமாக்குகிற ஆட்டம் அது. இரண்டு வருடத்தில் ஒரு படக்கம்பனி அவரை எடுத்துக்கொண்டது.

"கூட்டத்தில் ஆட எடுத்தார்கள் என்று நினைத்தேன்," என்றார். "காலுக்காக எடுத்தார்கள்."

அந்தக் கம்பனியில் ஒரு பெரிய கதாநாயகி இருந்தாராம். அழகி. பாடுவார், அழுவார், ஆனால் கால் வேகமாக வராது. ஆகவே இடுப்புக்கு மேலே அவர், இடுப்புக்குக் கீழே டோரிட். அதே சட்டை, அதே சப்பாத்து. அதோடு முடியவில்லை. அந்தக் காலத்தில் சப்பாத்துச் சத்தத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்வார்களாம். இருட்டறையில் ஒரு பலகையின்மேல் நின்று, திரையைப் பார்த்து, காதில் பாட்டைக் கேட்டபடி ஆட வேண்டும். மற்ற நடிகைகளின் கால்களுக்கும் சத்தம் கொடுத்தவர் டோரிட்தான்.

"உலகம் முழுக்க என்னைக் கேட்டிருக்கிறது, புரொஃபெஸர். ஒருவரும் பார்த்ததில்லை."

எட்டுப் படங்கள். ஒன்றில் மட்டும் முகம் வந்தது, ஒரு தும்மல் தும்மும் நேரம். கதாநாயகி தானே ஆடினார் என்று கம்பனி எல்லாப் பத்திரிகைகளுக்கும் சொன்னது. வேறு விதமாகப் பேசமாட்டேன் என்று டோரிட் கையெழுத்துப் போட்டிருந்தார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் முழங்கால் போயிற்று. ஊர் திரும்பி, பெண்கள் பாடசாலை ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை ஆனார். ஒரு பால்பண்ணைக்காரரைக் கட்டினார். தன்னைப் பற்றித் தானே பெரிதாகக் கதைப்பவரை இந்த நாட்டில் யாருக்கும் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருதரம் சொல்லிப் பார்த்தாராம். ஊரே புன்னகைத்ததாம். பிறகு கணவர் இறக்கும்வரை வாயே திறக்கவில்லை.

கராஜுக்குள் ஆணி

"எழும்பி நிற்க நீ பக்கத்தில் நின்றால் போதும்," என்றார் டோரிட் ஒருநாள். "மற்றதெல்லாம் காலுக்குத் தெரியும்."

பியர்த்தவிடம் இது உடற்பயிற்சி என்று எழுதி அனுமதி வாங்கினோம். தினமும் காப்பி நேரத்துக்குப் பிறகு அரைமணி நேரம். அவர் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு காட்டுவார், நான் செய்ய வேண்டும். முன்பாதத்தால் தரையை ஒருமுறை முன்னுக்கும் ஒருமுறை பின்னுக்கும் துடைக்க வேண்டும். கேட்க எளிது. நான் துடைத்தபோது செருப்பு கழன்று போய் அடுத்த அறைக் கதவில் மோதியது. உள்ளேயிருந்து, "உள்ளே வரலாம்," என்றார் ஒரு கிழவர்.

டோரிட் கட்டிலில் விழுந்து சிரித்தார். நான் சுவரில் சாய்ந்து சிரித்தேன். கண்ணீர் வந்தது.

மரம் மட்டும் போதாது, உலோகம் வேண்டும் என்றார். இங்கே சில காசுகளுக்கு நடுவில் ஓட்டை உண்டு. அது எதற்கென்று இருபது வருடமாக யோசித்திருக்கிறேன். செருப்பின் அடியில் வைத்து ஆணியால் அறைவதற்குத்தான் என்று அன்று கண்டுபிடித்தேன்.

பரிமளம் கராஜ் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்னப்பா, உதுக்குள்ள என்ன அடிக்கிறியள்?"

"செருப்புக்குக் காசு பூட்டுறன்."

"ஏன்?"

"சத்தம் வர."

அவர் செருப்பைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தார். "பேந்து வந்து சாப்பிடுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார். மூளையில் ஏதோ வந்துவிட்ட மனிதரிடம் கதவைச் சாத்துகிற மாதிரி.

நான் எழுதிய அறிவித்தல்

இதெல்லாம் எந்த நாட்களில் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அங்கே, இலங்கையில், யுத்தம் முடிந்துகொண்டிருந்த மாதங்கள். வன்னியில் இருந்த என் தம்பியின் குடும்பத்தோடு தொடர்பு அறுந்து வாரங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் நான். நிலைமை மாறும்வரை ஆட்டம், பாட்டு, விருந்து, பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு எதுவும் வைப்பதில்லை என்று அறிவித்தல் எழுதியது என் கை. நல்ல தமிழில், என் கையெழுத்தோடு, எல்லா வீடுகளுக்கும் போனது.

சங்கப் பொருளாளர் தவராசாவின் மகள் துளசிக்கு மே மாதத்தில் அரங்கேற்றம் வைத்திருந்தார்கள். நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

"மாஸ்ரர், மிருதங்கக்காரர் லண்டனிலயிருந்து ரிக்கற் போட்டிட்டார்," என்றார் தவராசா. "ஆடம்பரம் இல்லாமல், சும்மா அமைதியா வைக்கிறம்."

"தவராசா, அங்க சனம் பங்கருக்குள்ள கிடக்கேக்க நீங்கள் இஞ்ச சலங்கை கட்டுவியளோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். துளசி படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டேனிஷில், "சரி அப்பா, விடுங்கள்," என்று சொல்லிவிட்டு மேலே போனாள். ஏழு வருடம் நடனம் பழகிய பிள்ளை.

மறுநாள் காப்பி நேரத்துக்குப் பிறகு நான் பன்னிரண்டாம் அறையில் ஆடினேன். ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றவே இல்லை. அது நடனம், இது வேலை நேரத்தில் ஒரு கிழவிக்கு உதவி என்று மனதில் வேறு வேறு அறைகளில் வைத்திருந்தேன். அந்த அரைமணி நேரம் மட்டும்தான் நான் தம்பியை நினைக்காமல் இருந்தேன்.

மே நான்கு

அது டென்மார்க்கின் விடுதலை அறிவிக்கப்பட்ட நாள். மாலையில் வீடுகள்தோறும் சன்னலில் மெழுகுதிரி வைப்பார்கள். உலக யுத்தத்தில் ஜெர்மன்காரரின் பிடி விட்ட அன்று, விமானங்களுக்குப் பயந்து கட்டியிருந்த இருட்டுத் திரைகளைக் கிழித்துவிட்டு அப்படி ஏற்றினார்களாம்.

"அன்றைக்கு என் தங்கை விபோர்க் தெருவில் விடியும்வரை ஆடினாள்," என்றார் டோரிட். "முன்பின் தெரியாதவர்களோடெல்லாம் ஆடினாளாம். நான் அங்கே இருட்டறையில் இன்னொருத்தியின் காலுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவன் கதவைத் திறந்து, உங்கள் ஊர் விடுதலையாம் என்றான். பிறகு, அடுத்த காட்சி என்றான்."

தன் முழங்காலைத் தட்டிக்கொண்டு, "இந்த மே நான்குக்கு நான் இங்கே ஆட வேண்டும். ஆட்களுக்கு முன்னால். என் முகத்தோடு," என்றார்.

ஆடினோம். இல்லத்து விழாவுக்கு ஊர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கேக்கும் காப்பியும் முடிந்ததும் அக்கோர்டியன்காரர் தொடங்கினார். டோரிட் நடைவண்டியைத் தள்ளிவிட்டார். அது உருண்டு போய்ச் சுவரில் நின்றது. பியர்த்த பாய்ந்து எழும்ப, ஒரு விரலால் அவரை உட்காரச் சொன்னார்.

அவருடைய மேலுடம்பு அசையவில்லை. கால்கள் மட்டும் இளமையாக இருந்தன. பாத்திரத்தில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம், ஒவ்வொன்றும் தனித்தனியாக, தெளிவாக. கேக் வெட்டிய பெண் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். பேசாமலே பல மாதம் இருந்த ஒரு கிழவர் மேசையைத் தட்டத் தொடங்கினார். நானும் என் ஓட்டைக் காசுகளோடு பின்னாலேயே ஓடினேன். மூன்று நிமிடம் இருக்கும். மண்டபமே எழுந்து நின்றது.

இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. கீழே இப்படி: "முன்னாள் ஹொலிவூட் நடனக்காரி டோரிட், ஊழியர் ஒருவரோடு ஆடுகிறார்." அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்த வரியைப் பல தடவை படித்தார். நாலு பிரதி வாங்கி வரச் சொன்னார். ஒன்று கட்டில் தலைமாட்டில், ஒன்று கதவில். மற்ற இரண்டும் யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான்."

சலங்கையும் செருப்பும்

அந்தச் சனிக்கிழமை சங்கக் கூட்டம். நான் போனபோது ரோல்ஸ் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் பத்திரிகை விரித்துக் கிடந்தது. தவராசாதான் பேசினார். சத்தம் போடாமல், மரியாதையோடு.

"மாஸ்ரர், ஒரு சந்தேகம். சலங்கை எண்டாப் பிழை, செருப்பெண்டாச் சரியோ?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார். என் காதுகள் சூடாகின.

"உது ஆட்டம் இல்லை," என்றேன்.

"காலைத் தூக்கி வைச்சிருக்கிறியள்."

"கிழவி சறுக்கி விழப் போனவ. ஓடிப் போய்ப் பிடிச்சனான். அதுதான் கால் அப்பிடி."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு. எல்லோருக்கும் நிம்மதி. நான் படிப்பித்த மனிதன், பொய் சொல்லமாட்டேன் என்று நம்பினார்கள். தவராசா மட்டும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப பேப்பர்க்காரன் பிழையாப் போட்டிட்டான்," என்றார். "நீங்கள்தானே நல்லா டேனிஷ் கதைப்பியள். போன் எடுத்துச் சொல்லுங்கோவன். எங்கட பிள்ளையளும் பாத்துக்கொண்டிருக்குதுகள்."

திங்கட்கிழமை நானே தொலைபேசி எடுத்தேன். நல்ல டேனிஷில், பிழையில்லாமல் சொன்னேன். வியாழக்கிழமை மூன்று வரித் திருத்தம் வந்தது: படத்தில் இருப்பது நடனம் அல்ல, நிலைதவறிய முதியவரை ஊழியர் தாங்கிப் பிடிக்கிறார்.

நான் காலைக் கஞ்சியோடு உள்ளே போனபோது உருப்பெருக்கிக் கண்ணாடி பத்திரிகையின் மேல் இருந்தது.

"நான் விழுந்தேனா, புரொஃபெஸர்?"

"இல்லை."

"சறுக்கினேனா?"

"இல்லை."

"யார் சொன்னது?"

"நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி, வன்னி, அறிவித்தல், துளசி. அவர் குறுக்கிடாமல் கேட்டார். கஞ்சி ஆறி ஆடை படர்ந்தது.

"உன் வீட்டில் சாவுப் பயம் இருக்கிறது என்று எனக்கு ஏன் முதலே சொல்லவில்லை," என்றார். "சொல்லியிருந்தால் உன்னை ஆடக் கேட்டிருக்கமாட்டேன்." பிறகு, "நீ ஆடவில்லை என்று உன் ஆட்களிடம் சொல்லியிருக்கலாம். நான் விழுந்தேன் என்று ஏன் சொன்னாய்?"

நான் ஆறிய கஞ்சியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் அங்கே எல்லாம் முடிந்துபோயிற்று. தம்பி முகாமில் உயிரோடு இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. அவனுடைய மூத்த மகன் இல்லை.

டோரிட் என்னோடு கோபிக்கவில்லை. காலை வணக்கம் சொன்னார், கால்களைக் கழுவவிட்டார். புரொஃபெஸர் என்று மட்டும் கூப்பிடவில்லை, ஆடவும் இல்லை. ஒருநாள் புதிதாக வந்த தாதி கதவில் இருந்த படத்தைப் பார்த்து, "அட, நீங்கள் நடனமாடினீர்களா?" என்று கேட்டாள்.

"இல்லையில்லை," என்றார் டோரிட். "அது நான் விழப் போனபோது எடுத்தது."

நான் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தேன். உண்மையைப் பேசமாட்டேன் என்று கம்பனிக்குக் கையெழுத்துப் போட்ட பெண்ணின் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்பதை அன்று என் காதால் கேட்டேன். அந்தப் பனிக்காலத்தில் அவர் இறந்தார்.

ஒரு திருத்தம்

துளசியின் அரங்கேற்றம் அடுத்த வருடம் நடந்தது. முதல் வரிசையில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள். தவராசா எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தபோது, அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும், மாஸ்ரர். என்ர பிள்ளை படத்தைப் பாத்த உடனையே சொன்னவள். விழப்போற கிழவியின்ர கால் உப்பிடி நிக்காதாம்."

"அப்ப ஏன் என்னைப் போன் எடுக்கச் சொன்னனீங்கள்?"

"கோபம்தான். நீங்கள் எடுக்கமாட்டியள் எண்டு நினைச்சன். 'ஓம் தவராசா, ஆடினனான்' எண்டு சொல்லுவியள், ஒருக்காச் சிரிச்சிட்டு விடுவம் எண்டு இருந்தனான்."

ஓய்வு பெற்றபின் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். ஓர் இளம்பெண் பொறுமையாகத் தேடி எடுத்தாள். இவ்வளவு பழைய திருத்தத்தைத் திருத்துவதில்லை என்றாள். அந்த அம்மாவின் உறவினர் யாராவது கேட்டார்களா என்றாள். உறவினர் யாரும் இல்லை.

ஆகவே அந்தத் திருத்தத்தை இங்கே, நான் எழுதக்கூடிய ஒரே இடத்தில் போடுகிறேன். டோரிட்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அச்சில் வரட்டும்.

படத்தில் பச்சைச் சட்டையோடு இருப்பவர் டோரிட். அவர் ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் விழவில்லை, சறுக்கவில்லை, எவரும் அவரைத் தாங்கவில்லை. மூன்றாவது சுற்றில் செருப்பில் இருந்த காசு மெழுகிட்ட தரையில் வழுக்கி, கண்ணாடி பறந்து, மல்லாந்து விழப் போனவன் நான். தாளத்தில் ஓர் அடிகூடத் தவறாமல் கையை நீட்டி என்னைப் பிடித்து நிறுத்தியவர் அவர். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைத் திறந்தார். அந்த நொடியில்தான் படம் எடுத்தார்கள். விழப் போனவன் நான்தான் என்று அவர் தான் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.